பெரியவர் படுத்திருந்த கரை

சிவப்புத் துணி வெயிலுக்குச் சீக்கிரம் வெளுத்துப் போகும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். புறக்கோட்டையில் வெட்டுத்துணி விற்கிற கடைகளில் பட்டு மாதிரி மினுங்குகிற சிவப்பை எடுத்துக் காட்டுவார்கள். அதை வாங்கக்கூடாது. மழையில் நனைந்தால் தடியோடு ஒட்டிக்கொண்டுவிடும், தூரத்தில் தெரியாது. முரட்டுப் பருத்திதான் சரி. பதினொரு வருடமாக நான்தான் பார்த்து வாங்கினேன். அன்று காலை குளக்கரையில் நட்டிருந்ததும் நல்ல துணி. புதுசு. பூங்கா வாசலிலிருந்தே தெரியும். துணியைக் காணவில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது.

இதை முதலில் எழுதுங்கள், தம்பி. நான் சொல்வதைத்தான் எழுதுகிறீர்களா, வேறு எதையாவது எழுதுகிறீர்களா என்று எனக்குத் தெரியாது. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். எழுதி முடித்த பிறகு ஆறுதலாக வாசித்துக் காட்டுங்கள். கையெழுத்தை அதற்குப் பிறகு வைக்கிறேன். போன தடவை வாசித்துக் காட்டாமலே வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். அது சிங்களத்தில் இருந்தது.

என் பெயர் கதிரேசு இராசரத்தினம். வயது எழுபத்தொன்று. பிறந்தது நெடுந்தீவு. இருப்பது கொட்டாஞ்சேனையில், கோயிலுக்குப் பின்னால் ஒரு அறை. துறைமுகத்தில் முப்பத்துநான்கு வருடம் மூட்டை தூக்கினேன்.

நீங்கள் என்னை இந்தப் பொலிஸுக்குக் கொண்டுவந்து ஐந்து நாள் ஆகிறது. நான்கு நாள் நான் வாய் திறக்கவில்லை. அடித்தால் கதைப்பேன் என்று யாராவது நினைத்திருந்தால் அது பிழை. அந்த வைத்தியமெல்லாம் எனக்கு முதலே நடந்துவிட்டது. நேற்றுச் சோற்றுப் பார்சல் கொண்டுவந்தவர்தான் ஒரு கதை சொன்னார். குளத்தில் ஒரு உயிர் போய்விட்டது, பெரிய முதலையைச் சுட்டாயிற்று, இனிக் கால்வாயில் இருக்கிற இரண்டு குட்டிகளையும் சுடுவது என்று பூங்காக் கந்தோரில் முடிவாம். அதனால்தான் கதைக்கிறேன். முதலைகள் மேல் பிழை இல்லை. அதை யாராவது சொல்ல வேண்டும். கழகத்துப் படித்தவர்கள் சொல்ல மாட்டார்கள். அவர்கள் ஒரு கூட்டம் வைப்பார்கள்.

வெள்ளவத்தையில் கால்வாயை ஒட்டின பூங்கா உங்களுக்குத் தெரிந்திருக்கும். நடுவில் நீளமாக ஒரு குளம். ஒரு பக்கம் ரோட்டுக்கரை, மறுபக்கம் கால்வாய்க்கரை. துறைமுக வேலை முடிந்த பிறகு எனக்குப் பகலில் போக இடமில்லை. எங்கள் அறையில் என் மனைவி பத்மாவதி அடுப்பு மூட்டினால் நான் வெளியே நிற்க வேண்டும். மட்டக்குளி பஸ்ஸைப் பிடித்து வெள்ளவத்தையில் இறங்கி, அந்தப் பூங்காவில் உள்ள சீமெந்து வாங்கில் இருந்துவிட்டு வருவேன். அப்படித்தான் பெரியவரைக் கண்டேன். பெரியவர் என்றால் முதலை. கால்வாய் வழியாகக் குளத்துக்கு வந்த கிழட்டு முதலை. பத்து அடி இருக்கும்.

சனங்கள் சுட வேண்டும் என்று கத்தினார்கள். பிள்ளைகள் விளையாடுகிற இடம், பிழையும் இல்லை. அப்போதுதான் இயற்கைக் கழகத்துக்காரர்கள் வந்தார்கள். இருபது பேர் இருப்பார்கள். ஆசிரியர்கள், வங்கிக்காரர், ஒரு கண் டாக்டர். செயலாளர் ஸ்ரீஸ்கந்தராசா மாஸ்டர். விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவர் பூங்காக் கந்தோருக்குப் போய், இது இந்தத் தண்ணீருக்குச் சொந்தமான பிராணி, பூங்காதான் பிறகு வந்தது, இதைத் துரத்த உங்களுக்கு உரிமை இல்லை என்று மேசையில் தட்டிக் கதைத்தார். நான் வெளியே நின்று கேட்டேன். அப்படி ஒருவர் எனக்காகக் கதைத்து நான் கேட்டதில்லை. ஒரு முதலைக்காகக் கதைத்தது எனக்குப் பிடித்தது.

கந்தோர் ஒரு நிபந்தனை போட்டது. ஒரு மனிதருக்குக் காயம் பட்டாலும் அன்றைக்கே சுடுவோம் என்றார்கள். மாஸ்டர் ஒப்புக்கொண்டார். பிறகு வெளியே வந்து என்னைப் பார்த்தார்.

"அது எங்கை படுக்கும் எண்டு உங்களுக்குத் தெரியுமாமே?"

"கொக்கைப் பார்த்தால் தெரியும்" என்றேன். "அது எந்தக் கரையில கிடக்குதோ அந்தக் கரையில கொக்கு இராது."

அவர் சிரித்தார். "நான் முப்பது வருசம் படிப்பிச்சனான், இது தெரியாமல் போச்சு."

அப்படித்தான் துணி வந்தது. நான் விடியக் காலையில் போய், முதலை எந்தக் கரையில் கிடக்கிறது என்று பார்த்து, அந்தக் கரையில் சிவப்புத் துணியை நட வேண்டும். கழகத்தார் மற்றக் கரைக்குப் போய்ப் பறவை எண்ணுவார்கள். இரண்டு கரையிலும் தண்ணீருக்குள் இறங்குகிற பலகைப் படி ஒன்று உண்டு. மாஸ்டர் ஒவ்வொரு சனியும் துணி இல்லாத கரையின் கடைசிப் படியில் குனிந்து, ஜாம் போத்தலில் தண்ணீர் மொண்டு, வெளிச்சத்துக்குப் பிடித்து நத்தை பார்ப்பார். நம்முடைய நாட்டு நத்தையை வெளியிலிருந்து வந்த நத்தை தின்று முடிக்கிறது என்பது அவருக்குப் பெரிய கவலை. பதினொரு வருடத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல் படவில்லை. சம்பளம் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. பிளாஸ்கில் தேத்தண்ணீர் தருவார்கள். மாஸ்டர் எனக்குக் கொடியப்பு என்று பெயர் வைத்தார். எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். வருகிறபோதே "பெரியவர் எந்தப் பக்கம், கொடியப்பு?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள்.

நான் ஆட்களை நம்புகிறவன் இல்லை. துறைமுகத்தில் நம்பினவனுக்கு முதுகு முறியும். ஆனால் மாஸ்டர் ஒருநாள் ஒரு வார்த்தை சொன்னார். ரோட்டில் பிடிக்கிறார்கள், பஸ்ஸில் இறக்குகிறார்கள் என்று நான் சொன்னபோது, தன் வீட்டுப் போன் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதித் தந்தார்.

"ஏதும் கரைச்சல் எண்டால் என்ர பெயரைச் சொல்லுங்கோ. ஒரு போன் காணும். எங்கட ஆள் எண்டு நான் சொல்லுறன்."

அந்த இலக்கத்தைப் பாடமாக்கினேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே இலக்கம் அதுதான். பத்மாவதிக்குக் கூடச் சொல்லவில்லை. அவளுக்கு எதற்கு, எனக்குத்தானே தேவை என்று நினைத்தேன். அதில் என் பிழையும் கொஞ்சம் உண்டு.

இந்த வருடம் தை மாதம் கோட்டையில் குண்டு வெடித்தது. மாசி மாதம் ஒரு பின்னேரம் காலி வீதித் தடையில் என்னை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அடையாள அட்டையில் நெடுந்தீவு. பையில் சிவப்புத் துணி. அதோடு ஒரு கடதாசி. பெரியவர் எந்த நாள் எந்தக் கரை, எத்தனை மணிக்கு இடம் மாறினார் என்று மாஸ்டருக்காக நான் போட்டு வைத்த கோடுகள். மேலே கோடு என்றால் ரோட்டுக்கரை, கீழே கோடு என்றால் கால்வாய்க்கரை. இது என்ன என்று கேட்டார்கள். "கிம்புலா" என்றேன். முதலை என்பதற்கு அந்த ஒரு சிங்களச் சொல்தான் எனக்குத் தெரியும். முதலில் சிரித்தார்கள். பிறகு நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தார்கள்.

பொலிஸில் வைத்து மாஸ்டரின் இலக்கத்தைச் சொன்னேன். குறை சொல்லக்கூடாது, என் கண் முன்னால்தான் போன் எடுத்தார்கள். கொன்ஸ்தாபிள் என் அட்டையைப் பார்த்துப் பெயரை இரண்டு தரம் வாசித்தார். கதிரேசு இராசரத்தினம். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்தார்.

"எஹெம கெனெக் நேலு" என்றார். அப்படி ஒருவரும் இல்லையாம்.

கொடியப்பு என்று கேட்கச் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். சொன்னேன். கத்திச் சொன்னேன். அது இயக்கப் பெயரோ என்று கேட்டார்கள். இந்த வருடத்தில் ஒரு மனிதனுக்கு இரண்டு பெயர் இருப்பது நல்லதில்லை. அதன் பிறகு யாரும் போன் எடுக்கவில்லை. இந்த வலது கையில் இரண்டு விரல் மடங்காது, பாருங்கள். அது அந்தப் பெயரைப் பற்றிக் கேட்டபோது நடந்தது. ஏழு மாதம் வைத்திருந்தார்கள். எங்கே என்று நான் சொல்லத் தேவையில்லை. உங்களுக்குத் தெரியும்.

பத்மாவதி என் படத்தைக் கொண்டு பொலிஸ் பொலிஸாக ஏறி இறங்கியிருக்கிறாள். அவளுக்கு இழுப்பு வருத்தம். ஐந்தாம் மாதம் ஒரு பொலிஸ் வாசலில் வரிசையில் நின்றவள் அப்படியே கீழே இருந்துவிட்டாள். எழும்பவில்லை. பக்கத்து அறைக்காரர்தான் எல்லாம் செய்தார்களாம். எனக்கு வெளியே வந்த அன்றுதான் சொன்னார்கள். அறையில் அடுப்பு மூட்டுகிற இடம் சுத்தமாக இருந்தது. இனி நான் பகலில் வெளியே நிற்கத் தேவையில்லை.

ஆனாலும் போனேன். அடுத்த சனிக்கிழமையே பூங்காவுக்குப் போனேன். கையால் துணி கட்ட வரவில்லை, பல்லால் கடித்துக் கட்டினேன். மாஸ்டர் என்னைக் கண்டதும் ஓடி வந்தார். உண்மையாகவே ஓடி வந்தார். அதையும் எழுதுங்கள்.

"கொடியப்பு, எங்கை போனியள்? ஏழு மாசம். ஊருக்குப் போட்டியள் எண்டு நினைச்சம். எந்த ஊர் எண்டும் தெரியேல்லை, எங்கையெண்டு தேடுறது?"

அவரே பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணீர் ஊற்றினார். என் கையைப் பார்த்தார். விழுந்துவிட்டேன் என்றேன். பிறகு கேட்டேன்.

"மாசி மாதம் உங்களுக்கு ஒரு பொலிஸ் போன் வந்ததோ, மாஸ்டர்?"

"ஓம், வந்ததுதான். உங்களுக்கு ஆர் சொன்னது? ஆரோ ஒரு இராசரத்தினமாம். எங்கட கழகத்தின்ர பெயரைச் சொல்லித் தப்பப் பார்த்திருக்கிறான். அப்பிடி ஒருத்தரும் எங்களிட்டை இல்லை எண்டு சொல்லிப்போட்டன். பாவம், ஆரோ."

"ஓம், பாவம்" என்றேன்.

தேத்தண்ணீரில் சீனி சரியாக இருந்தது. நான் எத்தனை கரண்டி போடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

அங்கேயே அவருக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் அழுவார். நல்ல மனிதர், கட்டாயம் அழுவார். என் காலில் விழுந்தாலும் விழுவார். மன்னிப்புக் கேட்பார். கேட்டுவிட்டால் நான் மன்னிக்க வேண்டி வரும். அதனால் சொல்லவில்லை.

அன்றைக்கே ஜவாஹிறா டீச்சர், கழகத்தின் பத்தாண்டுப் புத்தகம் அச்சாகிவிட்டது என்று கொண்டுவந்து காட்டினார். அவர்தான் அதற்குப் பொறுப்பு. நல்ல வழுவழுப்பான தாள். ஒரு பக்கத்தில் என்னுடைய படம், துணியோடு. எதிர்ப் பக்கத்தில் அந்த நாட்டு நத்தையின் படம். நத்தைக்குக் கீழே மூன்று வரி இருந்தது. என்ன என்று கேட்டேன்.

"அது நத்தைட பேர் அப்பு. மேல தமிழ்ல, அடுத்தது சிங்களத்துல. கீழ வளைச்சு எழுதினது விஞ்ஞானப் பேர். மாஸ்டர் மூணு மாசம் அலைஞ்சு சரிபாத்த பேர்."

"என்ர படத்துக்குக் கீழ?"

"கொடியப்பு, எங்கள் கழகத்தின் கண்."

"என்ர பெயர்?"

"அதுதானே எழுதி ஈக்குது, அப்பு" என்று சொல்லிச் சிரித்தார்.

மாஸ்டர் பயந்து பொய் சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன், தம்பி. பயத்தில் மனிதன் பொய் சொல்வான். நானே அந்த ஏழு மாதத்தில் எத்தனையோ பேரைத் தெரியாது என்று சொன்னேன், தெரியும் என்றும் சொன்னேன். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. போனில் உண்மையைச் சொல்லியிருக்கிறார். பதினொரு வருடம், கிழமைக்கு ஒரு நாள் என் கையால் துணி நடப்பட்டு, அதை நம்பி அவர் தண்ணீருக்குள் கை வைத்திருக்கிறார். என் சீனி தெரியும். என் பெயரைக் கேட்க ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. அந்த நத்தை ஒருநாளும் அவருக்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

நான் அவசரப்படவில்லை. கோபத்தில் செய்தது என்று எழுத வேண்டாம். கோபம் என்றால் அன்றைக்கே கையில் இருந்த தடியால் ஒன்று போட்டிருப்பேன்.

மாஸ்டர் எனக்குச் சொல்லித் தந்த பாடம் ஒன்று உண்டு. பெரியவருக்கு ஒருநாளும் சாப்பாடு போடக்கூடாது என்பார். போட்டால் அது மனிதனையும் சாப்பாட்டையும் ஒன்றாகப் பார்க்கத் தொடங்கும், பிறகு ஆளின் கால் சத்தம் கேட்டாலே கரைக்கு வரும் என்பார். பதினொரு வருடம் நான் ஒரு பாண் துண்டு கூடப் போடவில்லை. போடுகிறவர்களோடு சண்டை பிடித்திருக்கிறேன். அவர் சொன்னது உண்மைதானா என்று இப்போது பார்க்கலாம் என்று நினைத்தேன்.

காலி வீதியில் நிலாம் என்பவரின் கோழிக்கடை உண்டு. காலையில் குடலும் காலும் ஒரு பையில் போட்டுத் தருவார். பூனைக்கு என்று சொன்னேன்.

"எத்தின பூன வளக்கிறீங்க அப்பு? ஒங்கட ரூம்ல ஒங்களுக்குப் படுக்க எடம் ஈக்கா?"

"ஒரு பூனைதான். பெரிய பூனை" என்றேன். அவர் சிரித்து இன்னும் ஒரு பிடி போட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம்.

ரோட்டுக்கரைப் பலகையில் ஏறி, காலால் மூன்று தரம் மிதிப்பேன். மனிதன் இறங்கி வருகிற மாதிரி. பிறகு கடைசிப் படிக்குக் கீழே குடலைப் போடுவேன். நாய் நரி வருகிற முன்னர், சனம் நடக்க வருகிற முன்னர் முடித்துவிடுவேன். முதல் நான்கு நாள் பெரியவர் வரவில்லை. கோழிக்குடல் தண்ணீரில் மிதந்து மீன் தின்றது. ஐந்தாம் நாள் வந்தது. பத்தாம் நாள் நான் மிதிக்கிறபோதே தண்ணீர் அசைந்தது. பதினாறாம் நாள் நான் மிதிக்க வேண்டியே இருக்கவில்லை. பலகைக்குக் கீழே முதலே வந்து கிடந்தது. கிழட்டுப் பிராணி, ஆனால் படிக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், அதன் மேல் பிழை இல்லை. அது சொல்லிக் கொடுத்ததைச் செய்தது. அந்தக் குட்டிகளுக்கு இது ஒன்றும் தெரியாது. அவை கால்வாயில் தங்கள் பாட்டில் கிடக்கின்றன. இந்த இடத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதிவிடுங்கள்.

பதினேழாம் நாள் சனிக்கிழமை. பெரியவர் ரோட்டுக்கரைப் பலகைக்குக் கீழே. புதுத் துணியைக் கால்வாய்க்கரையில் நட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு துண்டுத் துணி, ஒரு தடி. கொக்குகள் எல்லாம் கால்வாய்க்கரையில்தான் நின்றன, துணியைச் சுற்றி நின்றன. ரோட்டுக்கரையில் ஒன்று கூட இல்லை. அதைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மாஸ்டர் பார்க்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் துணியைத்தான் பார்ப்பார்.

மற்றது உங்களுக்குத் தெரியும். பத்து மணிக்குள் ஆமிக்காரர் வந்து பெரியவரைச் சுட்டார்கள். ஏழு வெடி. கயிறு போட்டு இழுத்துப் புல்லில் போட்டிருந்தார்கள், வாய் திறந்தபடி. அந்த வாய்க்குள் பிள்ளைகள் தடியை விட்டு விளையாடினார்கள். எந்த நிபந்தனையில் அதை விட்டுவைத்திருந்தார்கள் என்று எனக்கு நல்லாகத் தெரியும். ஆனாலும் ஒரு தரம் சுட்டால் காணும். ஏழு தரம் சுட்டவர்கள் மேல் ஒரு வழக்கும் இல்லை, என்னை மட்டும் வைத்துக் கேட்கிறீர்கள்.

மாஸ்டர் உங்களிடம் வந்து எனக்காகக் கதைத்தாராம். கொடியப்பு அப்படிச் செய்ய மாட்டார், துணி நட்ட பிறகு முதலை இடம் மாறியிருக்கும், பதினொரு வருடமாக எனக்குத் தெரிந்த மனிதர், எங்கட ஆள் என்று கடிதமும் தந்தாராம். நீங்கள் அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டினீர்கள். ஒன்பது மாதம் பிந்தி வந்த கடிதம். அதிலும் கொடியப்பு என்றுதான் எழுதியிருக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள். கழகத்தின் பெயர் கெடாமல் இருக்க எழுதியிருப்பார். படித்தவர்கள் எதையும் சும்மா எழுத மாட்டார்கள்.

அவர் எழுதியதை நீங்கள் நம்பினால் இன்றைக்கே என்னை விட்டுவிடலாம். எனக்குத் தெரியும். ஆனால் அப்போது பிழை பெரியவர் மேல் போகும், குட்டிகளைச் சுடுவார்கள். அதனால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அதிகம் இல்லை.

நீங்கள் கொட்டாஞ்சேனைக்கு வந்து கதவில் தட்டி, கதிரேசு இராசரத்தினம் என்று முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டீர்கள். கழகத்தில் ஒருவருக்கும் தெரியாத பெயர் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். கொப்பியில் இருந்திருக்கும். நீல மட்டைக் கொப்பி. தண்ணீரில் நனைந்தும் வாசிக்கக்கூடியதாக இருந்தது என்றால் பென்சிலால் எழுதியிருக்க வேண்டும். ஓம், பென்சில்தான். நான் பார்த்தேன்.

கிருலப்பனைப் பக்கம் இருந்து வருகிற பிள்ளை. கழகத்தில் சேர்ந்து மூன்று கிழமை. இருபது வயது இருக்கலாம். நான் குடல் போடத் தொடங்கின முதல் சனி அவளும் முதல் தரம் வந்தாள். இரண்டாவது சனி என் வாங்கில் வந்து இருந்து, கொப்பியை விரித்தாள்.

"அப்பு, உங்கட சொந்தப் பெயர் என்ன?"

"ஏன் பிள்ளை, பொலிஸில குடுக்கவோ?"

"சீச்சீ. கொடியப்பு எண்டு அம்மா அப்பா வைச்சிருக்க மாட்டினம்தானே. இந்தக் கரை மாறுற கணக்கெல்லாம் நீங்கள் எடுத்ததாம். எடுத்த ஆளின்ர பெயர் போடாமல் எப்பிடி எழுதுறது?"

சொன்னேன். எழுதினாள். கொப்பியைத் திருப்பி எனக்குக் காட்டினாள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். சரியாக இருந்தது. அப்பாவின் பெயரையும் கேட்டு முன்னால் போட்டிருந்தாள். நல்ல பிள்ளை. ஆனால் பிந்தி வந்துவிட்டாள். பெரியவர் அன்று விடியவே கால் சத்தத்துக்கு வரப் பழகியிருந்தது. தொடங்கின வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை ஆறரைக்கு எல்லோரும் வந்தார்கள். பூங்கா வாசலில் சென்ட்ரிக்கு நின்றவன் புது ஆள். மாஸ்டரின் தொலைநோக்கியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு என்ன பார்க்கிறாய், யாரைப் பார்க்கிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தான். மாஸ்டர் பையில் பூங்காக் கந்தோரின் அனுமதிக் கடிதத்தைத் தேடினார். தேடியபடியே ஜாம் போத்தலை அவளிடம் நீட்டினார்.

"பிள்ளை, நீ போய்த் தண்ணியை எடு. வெயில் ஏறினால் நத்தை கீழ போயிடும். நான் வாறன்."

போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் தனியாக வந்தாள். மாஸ்டர் வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாசலிலேயே நின்றார். அவள் என் வாங்குக்குப் பக்கத்தில் நின்று சிரித்தாள்.

"பெரியவர் எந்தப் பக்கம், இராசரத்தினம் அப்பு?"

பதினொரு வருடத்தில் அந்தப் பூங்காவில் ஒருவர் என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. காதுக்கு நன்றாக இருந்தது.

நான் கையை நீட்டி எதிர்க்கரையில் இருந்த துணியைக் காட்டினேன். இந்தக் கைதான், விரல் மடங்காத கை. நேராக நீட்ட அது வசதி. அவள் பார்த்துத் தலையாட்டிவிட்டு ரோட்டுக்கரைப் பலகைக்குப் போனாள்.

வாங்கிலிருந்து பலகைக்குப் பத்தொன்பது அடி. நான் அளந்து வைத்திருக்கிறேன். அவள் ஆறுதலாகத்தான் நடந்தாள், போத்தலின் மூடியைத் திருகித் திறந்துகொண்டு. நேரம் இருந்தது. கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நான் வாயைத் திறந்ததும் உண்மை. ஆனால் ஒரு ஆளைக் கூப்பிடுவதென்றால் பெயர் வேண்டும், தம்பி. மூன்று கிழமையாக வந்துகொண்டிருந்தாள். அவளுடைய பெயரை நான் கேட்டிருக்கவில்லை.